குட்டிக்கு கடைசி ஊசி என்னைக்கு?

டாக்டரம்மாகிட்ட கேளுங்க: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதம், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்துலயும் முக்காவாசி நாய்க்குட்டி பத்தித்தான். தொண்டியில இருந்து சாயல்குடி வரைக்கும் நம்ம கடற்கரை ஊர்க்காரங்க எழுதியிருக்கீங்க. ரெண்டு மூணு கடிதத்தைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன், ஏன்னா அந்தக் குட்டிங்க பொழைச்சிருக்க வேண்டியது. அதனால இந்தத் தடவை மாடு, ஆடு, கோழியெல்லாம் அடுத்த மாசத்துக்குத் தள்ளி வச்சிட்டு, குட்டி, தடுப்பூசி, பார்வோங்கிற வைரஸால வர்ற ரத்தக்கழிச்சல் இது மட்டும் பேசிருவோம்.

கேள்வி: டாக்டரம்மா, நான் விசைப்படகுல போறவன். மீன்பிடி தடைக்காலம் ஆரம்பிச்ச அன்னைக்கு, ஏப்ரல் 15, 45 நாள் குட்டி ஒண்ணு வீட்டுக்குக் கொண்டாந்தோம், சிப்பிப்பாறை கலப்புண்டு சொன்னாங்க. ரெண்டு நாள் கழிச்சு ஒரு ஊசி போட்டாச்சு. பக்கத்து வீட்டுல ஒரு ஊசியே போதும்ங்கிறாங்க, மெடிக்கல்ல மூணுங்கிறாங்க. தடை முடிஞ்சா நான் கடலுக்குப் போயிருவேன், வீட்டுல எங்கம்மா மட்டும்தான் இருப்பாக. அதுக்குள்ள எல்லா ஊசியையும் முடிச்சிரலாமா?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: தம்பி, எத்தனை ஊசிங்கிறதை விட முக்கியமான கேள்வி ஒண்ணு இருக்கு, கடைசி ஊசி போடும்போது குட்டிக்கு என்ன வயசு. அதைத்தான் யாரும் கேக்குறதில்ல, கார்டுல மூணு சீல் இருந்தா போதும்னு நினைச்சிர்றாங்க.

குட்டி பொறந்த முதல் நாள் தாய்கிட்ட குடிக்கிற சீம்பால்ல தாயோட எதிர்ப்பு சக்தி குட்டிக்கு வந்துரும். தாய்க்கு ஊசி போட்டிருந்தா, இல்ல அந்த நோய் வந்து பொழைச்சிருந்தா, நிறைய வரும். முதல் சில வாரம் குட்டியக் காப்பாத்துறது அதுதான், ஆனா அது நிக்காது, சுமாரா பத்து நாளைக்கு ஒருக்கா பாதி பாதியா குறைஞ்சுக்கிட்டே வரும். இதுல ஒரு சிக்கல் என்னன்னா, நாம போடுற ஊசியில இருக்கிறதும் பலவீனப்படுத்துன வைரஸ்தானே, தாய் கொடுத்த சக்திக்கு இது ஊசி மருந்து, அது நிஜ நோய்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாது, ரெண்டையும் அடிச்சுப் போட்டுரும். அதனால குட்டி உடம்புல தாயோட சக்தி நிறைய இருக்கிற வரைக்கும் ஊசி போட்டாலும் குட்டி சொந்தமா எதுவும் கத்துக்காது.

உங்களுக்குப் புரியிற மாதிரி சொல்றேன். வத்தத்துல வல்லம் தரை தட்டி நிக்கும் பாருங்க, ஓட்டுறதுக்குத் தண்ணி பத்தாது, இறங்கி நடக்கலாம்னா அதுக்குத் தண்ணி அதிகம். குட்டி உடம்புலயும் அப்படி ஒரு நேரம் வரும், தாயோட சக்தி நிஜ நோயத் தடுக்கிற அளவுக்கு இருக்காது, ஆனா ஊசியக் கெடுக்கிற அளவுக்கு மிச்சம் இருக்கும். இது ஒரு குட்டிக்கு ஆறாவது வாரத்துல வரும், இன்னொண்ணுக்கு பன்னெண்டாவது வாரத்துல வரும், சிலதுக்கு பதினாறு வாரம் வரைக்கும் கூட இழுக்கும், ஒரே ஈத்துல பொறந்த குட்டிங்களுக்கே வேற வேற. வெளியில இருந்து பாத்துச் சொல்ல முடியாது. அதனாலதான் 6லேருந்து 8 வாரத்துக்குள்ள ஆரம்பிச்சு, ரெண்டுலேருந்து நாலு வாரத்துக்கு ஒருக்கா போட்டுக்கிட்டே வந்து, கடைசி ஊசிய 16 வாரம் முடிஞ்ச பிறகு போடணும்னு உலக அளவுல கால்நடை டாக்டருங்க வழிமுறை வச்சிருக்காங்க. மூணு ஊசிங்கிறது மூணு மடங்கு சக்திக்காக இல்ல. எந்த வாரத்துல கதவு திறக்கும்னு தெரியாததால ஒவ்வொரு தடவையும் தட்டிப் பாக்கிறோம், அவ்வளவுதான்.

இப்ப உங்க கணக்குக்கு வருவோம், நானே பேப்பர்ல போட்டுப் பாத்தேன். ஏப்ரல் 15ல 45 நாள்னா, நீங்க போட்ட முதல் ஊசி ஏப்ரல் 17, 47 நாள். அடுத்தது மே 8. அதுக்கடுத்தது மே 29, அன்னைக்கு குட்டிக்கு 89 நாள், வெறிநோய் ஊசியும் அன்னைக்கே போட்டுக்கலாம், 12 வாரம் தாண்டிருச்சு. கடைசி ஊசி 112 நாள் முடிஞ்சு, அதாவது ஜூன் 21, இல்லைன்னா அதுக்குப் பிறகு, கூடவே வெறிநோய்க்கு ரெண்டாவது ஊசி. தடை ஜூன் 14 ராத்திரியோட முடியுது, அன்னைக்கு உங்க குட்டிக்கு 105 நாள்தான். ஒரு வாரம் பத்தலை! அந்த ஒரு வாரத்துக்காக முன்னாடியே இழுத்துப் போட்டு முடிச்சிராதீங்க, அம்மாகிட்ட தேதியச் சொல்லி வச்சுட்டுப் போங்க, காலண்டர்ல ஜூன் 21 மேல வட்டம் போட்டு வைங்க, ஒரு ஆட்டோவுக்குச் சொல்லி வச்சிருங்க. ரெண்டு நாள் தள்ளிப் போனாலும் பரவாயில்ல, முந்தக் கூடாது. அப்புறம் ஆகஸ்ட் கடைசியில, குட்டிக்கு 26 வாரம் ஆகும்போது, இன்னொண்ணு போட்டுட்டா, ஒருவேளை முன்ன போட்ட எதுவுமே பிடிக்காத குட்டியா இருந்தாலும் அது பிடிச்சுக்கும். எலிக்காய்ச்சல் ஊசியும் வெறிநோய் ஊசியும் அதுக்கப்புறம் வருஷா வருஷம்.

ஊசிக்கு ஒரு வாரம் முன்னாடி பூச்சி மருந்து குடுங்க. வயித்துல கொக்கிப்புழுவை வச்சுக்கிட்டு ரத்தம் செத்துப்போய் நிக்கிற குட்டிக்கு ஊசி போட்டு என்ன பண்றது.

கேள்வி: எங்க குட்டிக்கு ரெண்டு ஊசி போட்டோம், கார்டு இருக்கு. ரெண்டாவது ஊசி போட்டு மூணு வாரத்துல ரத்தமா போயி செத்துருச்சு. பதினோரு வாரக் குட்டி. பிள்ளைங்க ரெண்டு நாளா சாப்பிடல. மருந்து டூப்ளிகேட்டா? எங்க தப்பா? இனிமே வேற குட்டி வாங்கலாமா?
– வாசகி, மண்டபம்

பதில்: அக்கா, உங்க தப்பு இல்ல. முதல்ல அதை மனசுல வச்சுக்கோங்க. நீங்க சொல்ற கணக்குப்படி ரெண்டாவது ஊசி எட்டு வாரத்துல போட்டிருக்காங்க, அந்த வயசுல தாயோட சக்தி மிச்சம் இருக்கிற குட்டிங்க எத்தனையோ. மேல தங்கச்சிமடம் தம்பிக்கு எழுதியிருக்கேன் பாருங்க, வல்லம் தரை தட்டுற நேரம், உங்க குட்டி அதுல மாட்டியிருக்கலாம். மருந்து நல்ல மருந்தா இருந்தும் இப்படி நடக்கும்.

எனக்கும் நடந்துச்சு. வேலைக்கு வந்த புதுசுல பாம்பன்ல இருந்து ஒருத்தர் ஒரு கருப்புக் குட்டிய சட்டைக்குள்ள வச்சுத் தூக்கிட்டு வருவாரு, ரெண்டு ஊசி போட்டேன், ரெண்டாவது ஒன்பது வாரத்துல. "இனி பயமில்லண்ணே, நல்லா இருக்கும்"னு நான்தான் சொல்லி அனுப்பினேன். அப்ப எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். பதினெட்டு இருபது நாள் கழிச்சு வந்தாரு, குட்டி துண்டுல சுத்தி இருந்துச்சு, தோலைக் கிள்ளி விட்டா அப்படியே கூடாரம் மாதிரி நிக்குது, ஈறு வெள்ளைத்தாள் கணக்கா இருக்கு. அவரு அந்த கார்டையும் எடுத்துட்டு வந்திருந்தாரு, ஒரு மூலையில மீன் செதில் ஒண்ணு காஞ்சு ஒட்டியிருந்துச்சு. "ரெண்டு போட்டாச்சே டாக்டரம்மா"ன்னு அந்த கார்டை எங்கிட்ட நீட்டுனாரு. நான் பதில் சொல்லல. அன்னைக்கு ராத்திரியே போயிருச்சு. அதுல இருந்து எந்தக் குட்டிக்கு ஊசி போட்டாலும் கார்டுல மேல பெருசா 16 வாரம் முடியிற தேதிய எழுதித்தான் கையில குடுப்பேன்.

மருந்து கெட்டுப் போறதும் உண்டு, அதையும் சொல்லிர்றேன். தடுப்பூசிய 2லேருந்து 8 டிகிரிக்குள்ள வச்சிருக்கணும். ஊர்ல பாக்குறேன், ராம்நாட்ல வாங்கி பேன்ட் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு மே மாச வெயில்ல பஸ்ல வந்துர்றாங்க, அது வெறும் தண்ணிய விடக் கேவலம், ஏன்னா போட்டாச்சுன்னு நம்பிக்கிட்டு இருப்போம். இன்னும் சிலர் மீன் ஐஸ் பெட்டிக்குள்ள, உப்பு போட்ட ஐஸ் மேல நேரா வச்சுக் கொண்டு வர்றாங்க, அதுவும் தப்பு, திரவமா இருக்கிற வெறிநோய் ஊசி உறைஞ்சா கெட்டுப்போயிரும், எலிக்காய்ச்சல் மருந்தும் அப்படித்தான். ஐஸ் வைக்கலாம், ஆனா பாட்டில் ஐஸைத் தொடாம நியூஸ்பேப்பர்ல ரெண்டு மூணு சுத்து சுத்தி வைங்க. பொடியா இருக்கிற பாட்டில்ல தண்ணி மருந்தைக் கலந்தா உடனே போட்டுரணும், கலந்து வச்சுட்டு டீ குடிச்சிட்டு வர்ற கதையெல்லாம் ஆகாது. முடிஞ்ச வரைக்கும் குட்டியத்தான் மருந்து இருக்கிற இடத்துக்குத் தூக்கிட்டுப் போகணும்.

இப்ப வேற குட்டி. அவசரப்படாதீங்க அக்கா. இந்த பார்வோ வைரஸ் 1978 வாக்குல உலகம் பூரா பரவுன நோய், அதுக்கு முன்ன நாய்க்கு இது கிடையாது, ஆனா வந்த பிறகு போகவே இல்ல. மத்த வைரஸ் மாதிரி வெயில்ல ஒரு நாள்ல சாகுறது இல்ல, நிழலும் ஈரமும் இருந்தா மாசக்கணக்குல, ஒரு வருஷம் வரைக்கும் கூட மண்ணுல கிடக்கும். பினாயில் ஊத்தினோம்னு எழுதியிருக்கீங்க. பினாயிலுக்கு இது சாகாது, ஆன்டிசெப்டிக் லோஷனுக்கும் சாகாது, நம்ம கைக்கு எட்டுறதுல பிளீச்தான் கேக்கும். கடையில விக்கிற பிளீச் திரவம்னா ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணி, பிளீச்சிங் பவுடர்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு டேபிள்ஸ்பூன், அதுவும் புதுசா வாங்கினது, நம்ம ஊரு ஈரக்காத்துல திறந்து வச்ச பவுடர் சீக்கிரம் வீரியம் போயிரும். முதல்ல சோப்பு போட்டுக் கழுவி அசிங்கத்தை எடுத்துருங்க, அழுக்கு மேல ஊத்துனா பிளீச் வேலை செய்யாது. பிறகு ஊத்தி பத்து நிமிஷம் ஈரமாவே விடுங்க. சிமெண்டுத் தரை, சங்கிலி, சாப்பாட்டுத் தட்டு, திண்ணை எல்லாத்துக்கும் இது போதும். குட்டி படுத்த சாக்கு, துணியெல்லாம் எரிச்சிருங்க, மனசு கேக்காதுதான், ஆனாலும் எரிச்சிருங்க.

மணல்தான் பிரச்சனை. மண்டபத்துல வீட்டு முத்தம் பூரா மணலாத்தான் இருக்கும், மணல்ல பிளீச் ஊத்துறதுல புண்ணியமில்ல, பவுடரைத் தூவி விடுறதும் கண்ணுக்குத்தான் வெள்ளையாத் தெரியும். குட்டி கழிஞ்ச இடத்துல மேல் மணலை ஒரு சாண் அள்ளி தூரமா குழி தோண்டிப் புதைச்சிட்டு, அந்த இடத்துல நல்லா வெயில் படுற மாதிரி விடுங்க, தென்னை மட்டை, வலை, கூடை எல்லாம் நகத்திருங்க. அடுத்த குட்டிய, சின்னக் குட்டியா வாங்காம, 16 வார ஊசி முடிஞ்சு ரெண்டு வாரம் ஆன குட்டியா வாங்குங்க, அதான் நல்ல வழி. பிள்ளைங்ககிட்ட இதைச் சொல்லுங்க, அவங்களுக்குப் புரியும். இன்னொண்ணு, இந்த நோய் நாய்கிட்ட இருந்து மனுஷங்களுக்கு வராது, அந்த பயம் வேணாம், ஆனா செருப்புல, கையில ஒட்டிக்கிட்டு அடுத்த வீட்டுக் குட்டிக்குப் போகும்.

கேள்வி: நாட்டு நாய்க்கு எதுக்கு ஊசி? எங்க தாத்தா காலத்துல எந்த நாய்க்கு ஊசி போட்டாக? ஊசி போட்ட ஜாதி நாய்தான் சீக்கிரம் சாகுது, தெருநாய் கல்லு மாதிரி கெடக்கு.
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: அய்யா, கோவப்படாம கேளுங்க. உங்க தெருவுல போன ஐப்பசியில ஒரு நாய் ஆறு ஏழு குட்டி போட்டிருக்கும், அதுல தை மாசம் எத்தனை இருந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. ஒண்ணு, இல்ல ரெண்டு. மத்ததெல்லாம் எங்க போச்சு? சிலது வண்டியில அடிபட்டிருக்கும், சிலது பசி, மிச்சம் ஏதாவது வேலி ஓரம் ரத்தமா கழிஞ்சு செத்திருக்கும், நாம மூக்கைப் பொத்திக்கிட்டுத் தாண்டிப் போயிருப்போம். பொழைச்ச ஒண்ணு தெருவுல கம்பீரமா நிக்குது, அதைப் பாத்து நாட்டு நாய்க்கு சீக்கே வராதுன்னு சொல்றோம். செத்ததை யாரும் எண்ணுறதில்ல அய்யா. ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, தெருவுல பொறந்தது, எல்லாத்துக்கும் குடல் ஒண்ணுதான்.

தாத்தா காலத்துல ஊசி போடலைங்கிறது சரி. தாத்தா காலத்துல பார்வோவே கிடையாது, மேல சொன்னேன்ல.

கேள்வி: செவன் இன் ஒன், நைன் இன் ஒன்ணு சொல்றாங்களே, அதுல என்னென்ன இருக்கு? எங்களுக்குத் தென்னந்தோப்பு, காவலுக்கு ரெண்டு குட்டி வளக்குறோம். ஒரு பாட்டில் ஊசிய ரெண்டு குட்டிக்கும் பாதி பாதி போட்டுக்கலாமா, சின்னக் குட்டிங்கதானே?
– வாசகர், பெரியபட்டினம்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதல்ல: பிரிக்கக் கூடாது. மாத்திரை மாதிரி எடைக்குத் தக்கன அளவு கிடையாது, இது உடம்புக்குப் பாடம் சொல்லிக் குடுக்கிற மருந்து, அல்சேஷனுக்கும் ஒரு பாட்டில்தான், உங்க உள்ளங்கைக் குட்டிக்கும் ஒரு பாட்டில்தான். பாதி போட்டா ரெண்டுக்கும் பத்தாது.

அந்த ஊசியில முக்கியமா பார்வோ, டிஸ்டம்பர், கல்லீரலைத் தாக்குற ஹெபடைடிஸ், இருமல் வைரஸ், அதோட எலிக்காய்ச்சல் இருக்கும். எலிக்காய்ச்சல்ல எத்தனை வகைக்குச் சேத்திருக்காங்கங்கிறதைப் பொறுத்து நம்பர் கூடும் குறையும். டிஸ்டம்பர் பத்தி ஒரு வார்த்தை, அது காத்துல, தும்மல்ல பரவுறது, முதல்ல கண்ணுல பீளை, மூக்குல சளி, காய்ச்சல், சாதாரண சளின்னு விட்டுருவாங்க, சில வாரம் கழிச்சு தாடை வெட்டி வெட்டி இழுக்கும், வாயில நுரை வரும், அதைப் பாத்துட்டு வெறிநாய்னு சொல்லி அடிச்சே கொன்னுருக்காங்க. நரம்புக்கு ஏறுன பிறகு என்னால செய்ய முடிஞ்சது ரொம்பக் கொஞ்சம்.

உங்களுக்குத் தோப்பு இருக்கிறதால எலிக்காய்ச்சல் ஊசி ரொம்ப அவசியம். எலி மூத்திரம் கலந்த தேங்குன தண்ணிதான் அதுக்கு வழி, ஐப்பசி கார்த்திகை மழையில வாய்க்கால்ல, தென்னை பாத்தியில தண்ணி நிக்கும், குட்டி அதைத்தான் குடிக்கும். இது நாய்கிட்ட இருந்து மனுஷங்களுக்கும் வரும், அதனால நோய் வந்த நாயோட மூத்திரத்தைக் கையில படாம சுத்தம் பண்ணணும். இந்த ஊசி முதல்ல ரெண்டு தடவை, ரெண்டுலேருந்து நாலு வார இடைவெளியில, அதுக்கப்புறம் வருஷத்துக்கு ஒண்ணு. மழைக்கு முன்னாடி, புரட்டாசியிலயே வருஷ ஊசிய வச்சுக்கிறது நல்லது.

கேள்வி: ரெண்டு மாசக் குட்டி விளையாடும்போது என் மகன் கையில பல்லு பட்டு லேசா ரத்தம் வந்துருச்சு. சின்னக் குட்டிதானே, வெறிநோய் இருக்காதுண்டு மாமியார் சொல்றாக. மஞ்சள் வச்சு விட்டோம். வெறிநோய் ஊசி மூணு மாசத்துலதான் போடணுமாமே?
– வாசகி, கீழக்கரை

பதில்: இதைப் படிச்ச உடனே உங்க நம்பருக்கு போன் பண்ணச் சொல்லிட்டேன், இருந்தாலும் மத்தவங்களுக்காக எழுதுறேன். குட்டிக்கும் வெறிநோய் வரும். தாய்க்கு என்ன ஊசி போட்டிருந்துச்சு, குட்டிய வேற நாய் ஏதாவது கடிச்சுதான்னு தெரியாத குட்டின்னா எந்த வயசா இருந்தாலும் சந்தேகப்படணும். பல்லு பட்டு ரத்தம் வந்தா, கீறலா இருந்தாலும், ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும், கடிகாரம் பாத்துக் கழுவணும், ரெண்டு நிமிஷத்துல எல்லாருக்கும் பொறுமை போயிரும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதுவும் வேணாம். அன்னைக்கே அரசு ஆஸ்பத்திரிக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போயிருங்க, ஊசி இலவசம், முதல் ஊசி அன்னைக்கே, அதுல இருந்து மூணு நாள், ஏழு நாள், இருபத்தெட்டு நாள் கழிச்சுன்னு தோல்ல போடுவாங்க, ஒண்ணைக் கூட விடக் கூடாது. ரத்தம் வந்த காயம்னா காயத்துலயே போடுற சீரம் மருந்தும் தேவைப்படும், டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க. வெறிநோய் அறிகுறி வந்துட்டா காப்பாத்த முடியாது, அதனாலதான் இவ்வளவு சொல்றேன்.

குட்டிக்கு 12 வாரம் முடிஞ்சதும் வெறிநோய் ஊசி. பல அரசு கால்நடை ஆஸ்பத்திரியில, நம்ம ஊர்ல மாட்டாஸ்பத்திரிம்போம்ல, அங்க இதைக் காசு வாங்காமலே போடுறாங்க. செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம், அதையொட்டி முகாமும் நடக்கும்.

கேள்வி: ராத்திரி பத்து மணிக்கு குட்டி வாந்தி எடுக்க ஆரம்பிச்சுச்சு, விடியக்குள்ள ரத்தமா போச்சு. தயிரும் ஜவ்வரிசிக் கஞ்சியும் ஊத்துனோம், அப்பா பாரசிட்டமால் அரை மாத்திரை குடுத்தாரு. என்ன செஞ்சிருக்கணும்?
– வாசகர், தொண்டி

பதில்: மாத்திரை குடுத்தது தப்பு தம்பி. மனுஷங்க காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை எதுவும் நாய்க்குக் குடுக்கக் கூடாது, ஈரலும் குடலும் தாங்காது, கழிச்சலை நிறுத்துற மாத்திரையும் வேணாம். வாந்தி எடுத்துக்கிட்டு இருக்கிற குட்டி வாயில பிடிச்சு ஊத்துனா கஞ்சி நுரையீரலுக்குள்ள போயிரும்.

பார்வோ வந்தா முதல்ல சாப்பாட்டைத் தொடாது, அடுத்து வாந்தி, ஒரு நாளுக்குள்ள கழிச்சல், அந்த நாத்தம் ஒரு தடவை மோந்தவங்க மறக்க மாட்டாங்க, மீன் நாத்தத்துல பழகுன நமக்கே குமட்டும். வைரஸ் குடலோட உள்தோலைச் சுரண்டிப் போட்டுருது, ரத்தத்துல வெள்ளை அணுவையும் கொறைச்சிருது, ஆனா பெரும்பாலான குட்டிங்க சாகுறது உடம்புல தண்ணியும் உப்பும் வத்திப்போயிதான். அதனால ஒரே வழி குளுக்கோஸ் ஏத்துறதுதான், நரம்புல, சீக்கிரமா, ரெண்டு மூணு நாள் விடாம, கூட வாந்தி நிக்க ஊசி, ஆன்டிபயாட்டிக். வைரஸைக் கொல்லுற மருந்துன்னு அதுல எதுவும் இல்ல, குட்டி தாக்குப்பிடிக்க நேரம் வாங்கிக் குடுக்குறோம். முதல் நாளே வந்த குட்டியில நிறைய பொழைச்சிருது. கண்ணு குழி விழுந்த பிறகு கொண்டு வந்தா ஊசி ஏத்த நரம்பே கிடைக்காது.

ராத்திரின்னா குட்டிய காய்ஞ்ச துணியில சுத்தி கதகதப்பா வச்சுக்கிட்டு, 1962க்கு போன் பண்ணிப் பாருங்க, கால்நடை ஆம்புலன்ஸ், ஊருக்கு ஊரு நேரம் மாறும், கிடைக்கலைன்னா விடிஞ்சதும் முதல் ஆளா ஆஸ்பத்திரியில நில்லுங்க. ஒரு உதவி கேக்குறேன், உள்ள தூக்கிட்டு வராதீங்க, குட்டிய ஆட்டோவுலயே வச்சுட்டு ஒருத்தர் மட்டும் வந்து "ரத்தக்கழிச்சல் குட்டி"ன்னு சொல்லுங்க, நாங்க வெளிய வந்து பாக்கிறோம். அன்னைக்கு ஊசி போட வந்த பத்துக் குட்டிங்க வராண்டாவுலதான் உக்காந்திருக்கும்.

வாந்தின்னாலே பார்வோன்னும் நினைச்சிராதீங்க. கடற்கரையில தூண்டில் முள்ளை முழுங்குன குட்டியும் இப்படித்தான் வரும். வாயில நரம்பு நூல் தொங்குச்சுன்னா இழுக்காதீங்க, மறுமுனையில முள்ளு இருக்கும், வெட்டவும் வேணாம், அப்படியே கொண்டு வாங்க.

கேள்வி: ஊசி முடியிற வரைக்கும் குட்டிய வீட்டுக்குள்ளயே பூட்டி வைக்கணுமா? தினம் சாயங்காலம் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு ஆசை.
– வாசகி, ஏர்வாடி

பதில்: பூட்டி வைக்காதீங்க, தூக்கிட்டுப் போங்க. குட்டி மனுஷங்களையும் சத்தத்தையும் பழகுற வயசு மூணுலேருந்து பதினாலு வாரம் வரைக்கும்தான், அப்ப ஒண்ணையும் பாக்காத குட்டி பெருசானா பயந்தாங்கொள்ளியாவோ கடிக்கிறதாவோ ஆயிரும். இடுப்புல வச்சுக்கிட்டு படகு, லாரி, பள்ளிவாசல் பாங்கு, பிள்ளைங்க விளையாடுற சத்தம் எல்லாத்தையும் காட்டுங்க. தரையில மட்டும் விட வேணாம், மத்த நாய் கழிஞ்ச மணல்தானே. ஊசி போட்ட சொந்தக்காரங்க வீட்டு நாய்னா, அந்த வீட்டு முத்தத்துல விட்டு விளையாடலாம்.

ஊசியெல்லாம் முடிஞ்சு பீச்சுல விடும்போது ஒண்ணு கவனிங்க, வலையில இருந்து உதறிப் போட்ட பேத்தை மீன் கிடக்கும், அதைத் தின்னா விஷம், காப்பாத்துறது ரொம்பக் கஷ்டம்.

கேள்வி: ஊசி போட்ட அன்னைக்கு குட்டி சுருண்டு படுத்துக்கிச்சு, சாப்பிடல. ஒத்துக்கலையா? அடுத்த ஊசி போடலாமா?
– வாசகர், சாயல்குடி

பதில்: போடலாம். ஒரு நாள் தூங்கும், லேசா சூடு இருக்கும், ஊசி போட்ட இடத்துல சின்னக் கட்டி வரும், தானா கரைஞ்சிரும். மூஞ்சி வீங்குறது, உடம்பு பூரா தடிப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, மூச்சு இழுக்குறது, இதெல்லாம் வேற. அது வந்தா ஊசி போட்ட கொஞ்ச நேரத்துலயே வரும், அதனாலதான் அரை மணி நேரம் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில உக்காந்துட்டுப் போங்கன்னு சொல்றது. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடிராதீங்க.

கேள்வி: எங்க நாய்க்கு ரெண்டு வயசு, இதுவரைக்கும் ஒரு ஊசியும் போடல. இனிமே போட்டு பிரயோஜனம் உண்டா? திரும்ப முதல்ல இருந்து மூணு மூணா போடணுமா?
– வாசகி, பாம்பன்

பதில்: உண்டு, இந்த வாரமே போடுங்க. பெரிய நாய் உடம்புல தாயோட சக்தி இருக்காது, தடுக்கிறதுக்கு ஆளில்ல, அதனால பார்வோ டிஸ்டம்பருக்கு ஒரு ஊசியே வேலை செஞ்சிரும். எலிக்காய்ச்சலுக்கு மட்டும் ரெண்டு தடவை, மூணு நாலு வாரம் விட்டு. வெறிநோய் ஊசியும் அன்னைக்கே சேத்துப் போட்டுக்கலாம். அது பொட்டை நாயா இருந்து சினையா இருந்துச்சுன்னா மட்டும் டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிருங்க, குட்டி போட்ட பிறகு போடலாம்னு தள்ளி வைப்பாங்க. அந்தக் குட்டிங்களுக்கு ஆறாவது வாரம் என்னைக்கு வருதுன்னு அப்பவே எண்ணி வச்சுக்கோங்க.